பின்னறையைக் காலி செய்ய மாட்டேன்

தினேஷ்,

நீ நன்றாகத்தான் இருப்பாய். நானும் நன்றாகத்தான் இருக்கிறேன். இந்தக் கடிதம் முழுக்க அதைத்தான் சொல்லப் போகிறேன், உனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தாலும் பரவாயில்லை.

பொங்கல் முடிந்த கையோடு நம் குடும்ப குரூப்பில் ஒரு செய்தி போட்டாய். அம்மா கிள்ளான் வீட்டைக் கொடுத்துவிட்டு சுபாங் ஜெயாவுக்கு எங்களோடு வந்துவிடுகிறார்கள் என்று. அதன் கீழே கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளும் வரிசை கட்டி நின்றன. அப்பாவின் அக்கா, எனக்கு அண்ணி, உனக்குப் பெரிய அத்தை, "புள்ளன்னா இப்படித்தான் இருக்கணும்" என்று குரல் பதிவே அனுப்பிவிட்டார். எல்லோருக்கும் முன்னால் அறிவித்ததற்கு எல்லோருக்கும் முன்னால்தானே பதில் சொல்ல வேண்டும்? அதனால் இதை உனக்கு எழுதி, குரூப்பில் போடுகிறேன். நீளமாக இருக்கிறது என்று யாரும் முணுமுணுக்க வேண்டாம். நீங்கள் அனுப்பும் காலை வணக்கப் படங்களை நான் தினமும் பொறுத்துக்கொள்கிறேன்.

வீட்டை விற்கலாம் என்று நீ கேட்டபோது நான் "சரிப்பா" என்றேன். உண்மைதான். அந்தச் சரியை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். போனில் இதைச் சொல்ல முடியாது. போனில் நீ மூச்சு விடாமல் பேசுவாய், "அம்மா, நான் சொல்றத முழுசா கேளுங்க" என்பாய், நடுவில் ஷாமினி சாப்பிட்டீங்களா என்று கேட்பாள், எனக்கு மனசு இளகிவிடும். எழுதும்போது யாரும் குறுக்கே வர மாட்டார்கள். முதலில் நான் ஏன் சரி சொன்னேன் என்பதையும், பிறகு அது ஏன் செல்லாது என்பதையும் சொல்கிறேன்.

குரூப்பில் பாதிப் பேருக்கு நான் பின்னறையில் என்ன செய்கிறேன் என்பதே தெரியாது. ஆசிட் காய்ச்சுகிறேன் என்று ஒரு கதை ஓடுவதாகக் கேள்விப்பட்டேன். அதெல்லாம் இல்லை. ரேடியோ, ரிமோட், எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு பலகை இருக்கும், அதில் செம்புக் கோடுகள் ஓடும். அந்த சர்க்கிட் போர்டைத்தான் வீட்டில் செய்கிறேன். முழுக்கச் செம்பு ஒட்டிய பலகையைத் தேய்த்துக் கழுவி, அதன்மேல் ஒரு நீல ஃபிலிமை ஒட்டி, சான்றிதழுக்கு லாமினேட் போடும் மெஷினில் விட்டு எடுப்பேன். கோடுகளை மட்டும் விட்டு மற்ற இடமெல்லாம் கறுப்பாக அச்சடித்த கண்ணாடித் தாளை மேலே வைத்து ஊதா வெளிச்சம் காட்டுவேன். வெளிச்சம் பட்ட இடத்தில் ஃபிலிம் இறுகிக்கொள்ளும், படாத இடம் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கழுவிக்கொண்டு போய்விடும். அதன்பிறகு பழுப்புத் திரவத்தில் போட்டால் மூடாத செம்பையெல்லாம் அது தின்றுவிடும். மிச்சம் நிற்பது கோடு. தலைமுடி அளவுக்கு மெல்லிய கோடுகள், ஒன்றை ஒன்று தொடாமல், பக்கத்துப் பக்கத்தில். பழுப்புத் தண்ணீரை நான் சாக்கடையில் ஊற்றுவதும் இல்லை. மூடி போட்ட டின்னில் சேர்த்து வைத்து, மேரு சாலையில் முலாம் பூசும் பட்டறைக்காரர் தன் கழிவை அதற்கென்று வரும் ஆட்களிடம் ஒப்படைக்கும்போது என்னுடையதையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்.

இதை ஆரம்பித்து வைத்ததே நீதான், மறந்துவிட்டாய். பாலிடெக்னிக்கில் படிக்கும்போது ஒரு புரோஜெக்டுக்காகச் செம்புப் பலகை ஒரு கட்டு வாங்கி வந்தாய். ஒன்றைக்கூட ஒழுங்காக முடிக்காமல், நண்பன் செய்ததை வாங்கிக் கொடுத்துவிட்டு மார்க் வாங்கினாய். கட்டு அலமாரிமேல் கிடந்தது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் தொழிற்சாலையை மூடினார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்து அங்கேதான் வேலை பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் குனிந்து போர்டு சோதிக்கிற வேலை. என் கண்முன் ஓடிய போர்டுகளைச் சேர்த்தால் இந்த வீடு நிரம்பும், ஆனால் ஒன்றைக்கூட நான் செய்ததில்லை. நல்லது, கெட்டது என்று பிரித்து வைப்பதோடு சரி. அதனால் உன் கட்டைப் பிரித்தேன். அலமாரியில் தூங்குகிற பொருளைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

முதலில் அயர்ன் பாக்ஸ் வைத்து அச்சு மையைச் செம்பில் ஒட்டினேன். அந்த அயர்ன் பாக்ஸில்தான் உன் முதல் இன்டர்வியூ சட்டையையும் தேய்த்தேன். வெள்ளைச் சட்டையின் கைப்பகுதியில் கறுப்பாக ஒரு ரயில் தண்டவாளம் பதிந்துவிட்டது. "அம்மா! என்னம்மா இது! மணி என்ன ஆச்சு தெரியுமா!" என்று நீ குதித்த குதி இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்பா லோரி சாவியைச் சுழற்றிக்கொண்டே, "கைய மடிச்சு விட்டுக்கடா, ஸ்டைலா இருக்கும்லா" என்றார். நீ கையை மடித்துக்கொண்டு போனாய், வேலையும் கிடைத்தது. அந்த வேலையில் என் பங்கும் உண்டு என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அயர்ன் பாக்ஸில் மெல்லிய கோடு வராது, ஓரம் பிசிறும். அதற்கு வழிகாட்டியவள் ஷாமினி. உங்கள் நிச்சயம் முடிந்த பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்தவள், நகப்பூச்சைக் காய வைக்கும் தன் பழைய விளக்கைக் கொடுத்து, "அத்தை, இதுலயும் ஊதா லைட்டுதான் வருது, உங்களுக்கு ஆகுமா பாருங்க" என்றாள். ஆகுமாவா? அன்றிலிருந்து என் கோடுகளுக்கு ஒரு கூர்மை வந்தது. அப்பா அந்த விளக்குக்கு அடியில் ஒரு மரச்சட்டத்தை மேசையோடு சேர்த்துத் திருகாணி போட்டு இறுக்கிக் கொடுத்தார். தாளும் போர்டும் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க, மேலே அழுத்திப் பிடிக்க ஒரு கண்ணாடி வேண்டும். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய போட்டோ பிரேமின் கண்ணாடியைக் கழற்றிப் போட்டோம். அது கண்ணாடி இல்லை, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. நீல ஃபிலிமுக்குச் சாதாரண வெளிச்சம் ஆகாது, மஞ்சள் வெளிச்சம் ஒன்றும் செய்யாது. அதனால் தீபாவளி ஹேம்பர் கூடையில் சுற்றி வந்த மஞ்சள் தாளை டியூப் லைட்டில் சுற்றிவிட்டேன். சன்னலை மறைத்துத் துணி கட்டினேன். அந்த அறைக்குள் போனால் எல்லாமே மஞ்சளாகத் தெரியும், அப்பாவின் வெள்ளை பனியன் உட்பட.

உங்கள் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் அப்பா போனார். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவர் போன பிறகு வந்த முதல் ஆயுத பூஜையைப் பற்றித்தான் எழுத வேண்டும். எல்லோரும் வந்திருந்தீர்கள், பெரிய அத்தையும் இருந்தார். ஷாமினி மஞ்சளும் சந்தனமும் குழைத்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு வந்தாள். விளக்கு, லாமினேட் மெஷின், கத்தரி, பிரஷ், உன் பழைய லேப்டாப் என்று எதையும் விடவில்லை. ஒவ்வொன்றிலும் மஞ்சள் சந்தனத்தை விரலால் அழுத்தித் தீற்றி, நடுவில் குங்குமம் வைத்தாள். "அத்தையோட ஆயுதம்லாம் எவ்ளோ அழகா இருக்கு" என்று சிரித்தாள். எல்லாம் வைத்து முடித்துவிட்டு, குங்குமம் இருந்த அதே விரலோடு என் பக்கம் திரும்பினாள். அப்போது பெரிய அத்தை தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான். ஷாமினி விரலைக் கிண்ணத்தின் விளிம்பில் துடைத்துக்கொண்டாள். நானும் ஒன்றும் தெரியாத மாதிரி பொரி எடுத்து வர அடுப்படிக்குப் போய்விட்டேன். மறுநாள் வேலை தொடங்குமுன் எல்லாப் பொட்டையும் ஈரத்துணியால் துடைத்தேன்.

அதற்குப் பிறகுதான் என் போர்டுகள் கெடத் தொடங்கின. பிரிக்பீல்ட்ஸில் பாட்டு வகுப்பு நடத்துகிற டீச்சரை உனக்குத் தெரியும், உன் கல்யாணத்தில் பாடினார். அவருடைய எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி ஒரு மழை நாளில் மின்னலில் கருகிவிட்டது. கைபேசியிலேயே சுருதி வருமே என்றேன். "ஃபோன்ல போட்டா புள்ளைங்க சுருதிய கேக்காதுங்க அக்கா, ஃபோனைத்தான் பாக்குங்க. சுருதிய ஏத்தி எறக்க ஒரே ஒரு திருகி வெச்ச பெட்டி போதும், செஞ்சு குடுங்களேன்" என்றார். ஒத்துக்கொண்டேன். அதற்கு வேண்டிய சிப், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது, நாலு பக்கமும் நெருக்கமாகக் கால்கள். அந்தக் கால்களுக்குப் போகிற கோடுகள்தான் நான் இதுவரை செய்ததிலேயே மெல்லியவை. செய்தேன், கோடு அறுந்தது. மறுபடி செய்தேன், மறுபடி அறுந்தது. ஃபிலிமை மாற்றினேன், தாளை மாற்றினேன், வெளிச்சம் காட்டும் நேரத்தைக் கூட்டிக் குறைத்தேன். தடித்த கோடுகள் ஒழுங்காக நின்றன, மெல்லியவை சிப்பின் ஒரு ஓரத்தில் காணாமல் போயின. குப்பைக் கூடை நிரம்பியது. டீச்சரின் அழைப்பை எடுக்கவே கூசினேன்.

பொங்கலுக்கு வந்தபோது அந்தக் கூடையை நீ பார்த்தாய். ஒரு போர்டை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாய். நீ பேசியது ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது.

"அம்மா, இங்க பாருங்க. கோடெல்லாம் அறுந்து போச்சு. முன்ன இப்படி வராதே உங்களுக்கு?"

"என்னன்னு தெரியலப்பா. பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"பாத்துக்கிட்டு என்னம்மா? கண்ணு தெரியல, கை நடுங்குது. வயசாச்சுல்ல, ஏத்துக்கணும்லா. இத போய் யாராச்சும் வீட்ல செய்வாங்களா? ஆர்டர் பண்ணா ஒரே வாரத்துல சைனாவுல இருந்து வீட்டு வாசலுக்கே வந்துரும். போதும்மா. தனியா கெடந்து கஷ்டப்பட வேணாம். வீட்ட குடுத்துட்டு எங்க கூட வந்துருங்க."

நீ கோபமாகச் சொல்லவில்லை. என் தோளில் கை வைத்துத்தான் சொன்னாய், அதுதான் என்னை வீழ்த்தியது. நான் என் கையைப் பார்த்தேன். நடுங்குகிற மாதிரிதான் இருந்தது. அப்படிச் சொன்ன பிறகு யார் கையைப் பார்த்தாலும் நடுங்குகிற மாதிரிதான் இருக்கும் என்பது அப்போது உறைக்கவில்லை. வாழ்நாள் முழுக்கக் கண்ணை வைத்துப் பிழைத்தவளுக்குக் கண் போய்விட்டது என்று பெற்ற பிள்ளையே சொல்கிறான். வெட்கமாக இருந்தது, தினேஷ். அந்த வெட்கத்தில் வந்ததுதான் "சரிப்பா".

அதன்பிறகு நான் நல்ல பிள்ளையாகப் பெட்டி கட்டினேன். மேசையில் பாதி இடத்தைப் பெட்டிகள் பிடித்துக்கொண்டன. டீச்சரிடம் முடியாது என்று சொல்லிவிடுவதற்கு முன் கடைசியாக ஒரு போர்டு செய்து பார்ப்போம் என்று தோன்றியது. நம்பிக்கை ஒன்றும் இல்லை, மிச்சமிருந்த ஃபிலிமை வீணாக்க மனசில்லை, அவ்வளவுதான். எப்போதும் நிற்கிற பக்கம் பெட்டிகள் அடைத்துக்கொண்டிருந்ததால் மேசையின் எதிர்ப்பக்கம் நின்று போர்டைச் சட்டத்துக்குள் வைத்தேன். அதாவது தலைகீழாக. வெளிச்சம் காட்டி, கழுவி, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சிப்பின் கால்களுக்குப் போகிற கோடுகள் ஒன்றுவிடாமல் நின்றன. அதற்கு எதிர்மூலையில், திருகிக்குப் போகிற மெல்லிய கோடுகள் அறுந்திருந்தன. அங்கே இதுவரை ஒருமுறைகூட அறுந்ததில்லை.

தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஒரு விஷயம் உண்டு. ஒரே இடத்தில் பிழை வந்துகொண்டே இருந்தால் போர்டைத் திருப்பி வைத்துப் பார். பிழையும் கூடவே திரும்பினால் கோளாறு போர்டில். போர்டு திரும்பியும் பிழை பழைய இடத்திலேயே நின்றால் கோளாறு மெஷினில். இது எனக்குச் சாப்பிடுகிற மாதிரி, தூங்குகிற மாதிரி. ஆனாலும் இத்தனை மாதம் ஒருமுறைகூடத் திருப்பி வைத்துப் பார்க்கவில்லை. ஏனென்றால் கோளாறு என்னிடம்தான் என்று முடிவு செய்துவிட்டோம், முதலில் நான், பிறகு நீ.

சட்டத்திலிருந்து அந்தப் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றினேன். அறைக்குள் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. விரலால் தடவினேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. பின்வாசலைத் திறந்து வெயிலில் தூக்கிப் பிடித்தேன். ஒரு மூலையில், வட்டமாக, வெளிறிய மஞ்சள் கறை. சாம்பார் டப்பா மூடியில் எவ்வளவு தேய்த்தாலும் போகாமல் நிற்குமே, அந்தக் கறை. குங்குமம் துடைத்ததோடு போய்விட்டது, மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஊறிவிட்டது. மஞ்சள் அறைக்குள் மஞ்சள் கறை எப்படித் தெரியும்? ஊதா வெளிச்சத்தை மஞ்சள் மறைக்கும் என்று தெரிந்துதானே டியூப் லைட்டில் மஞ்சள் தாளைச் சுற்றினேன். அந்த வட்டத்துக்குக் கீழே வெளிச்சம் குறைந்து, தடித்த கோடு தாக்குப்பிடித்தது, மெல்லிய கோடு கழுவிக்கொண்டு போனது. பின்சந்தில் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்று சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி எட்டிப் பார்த்து, "ஓக்கேயா?" என்று கேட்டார். "ஓக்கே லா! என் கண் ஓக்கே!" என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. ஷாமினி, இதைப் படித்துக்கொண்டிருப்பாய், உன்மேல் எனக்குத் துளி கோபம் கிடையாது. என் வேலையை வேலை என்று மதித்து, என் சாமான்களை ஆயுதம் என்று சொன்ன ஒரே ஆள் நீ. நீ வைத்த பொட்டைச் சரியாகத் துடைக்கத் தெரியாதது என் பாடு. கோபம் தினேஷ்மேல்தான். ஒரு போர்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவன் தகட்டையும் தூக்கிப் பார்த்திருக்கலாம். அம்மா, எங்கே கோளாறு, சேர்ந்து பார்ப்போமா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நீயும் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன்தான். ஒரு வயசான கையைப் பார்த்ததும் உனக்கு வேறு எதையும் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

நீ மூன்றாம் படிவம் படித்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? கணக்கில் மார்க் சரிந்துகொண்டே போனது. பிள்ளைக்குக் கணக்கு ஏறாது, ஏதாவது கைத்தொழிலில் போடுங்கள் என்று ஆசிரியர் சொன்னார். அப்பாகூட, "விடு, எங்கூட லோரியில போர்ட்டுக்கு வரட்டும்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். நான் விடவில்லை. தொழிற்சாலையில் அரைநாள் லீவு போட்டு உன் வகுப்புக்கு வந்து, நீ உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். சன்னல் வெயில் வெள்ளைப் பலகையில் பட்டுக் கண் கூசியது, பாதிப் பலகை தெரியவே இல்லை. இடத்தை மாற்றி உட்கார வையுங்கள் என்று ஆசிரியரிடம் சண்டை போட்டேன். அடுத்த பரீட்சையில் நீ என்ன மார்க் வாங்கினாய் என்று நீயே உன் பிள்ளைகளிடம் சொல்லத்தான் போகிறாய். அன்று உன்னைத் திருப்பி வைத்துப் பார்த்தேன், தினேஷ். உன்னைப் பார்த்துப் போதும் என்று சொல்லவில்லை. எனக்கும் அந்த மரியாதை வேண்டும்.

நாளைக்கு உன் ஆபீசில் ஒரு பையன் தடுமாறுவான், வீட்டில் ஷாமினி ஒன்றை மறந்துவிட்டு நிற்பாள், உன் பிள்ளை ஒன்றில் தோற்றுவிட்டு வரும். உடனே அந்த ஆளிடம்தான் கோளாறு என்று தீர்ப்பு எழுதாதே. திருப்பி வைத்துப் பார். திருப்பியும் பிழை கூடவே வந்தால் அப்புறம் பேசலாம். அம்மா உனக்குச் சேர்த்து வைத்த சொத்து இந்த ஒரு பழக்கம்தான், வீடு இல்லை.

தகட்டை மாற்றினேன். கடையில் நிஜக் கண்ணாடியாக அறுத்து வாங்கிப் போட்டேன். டீச்சரின் போர்டை மறுபடி செய்தேன். ஒரு கோடுகூட அறுபடவில்லை. சிப்பை வைத்துப் பற்றவைத்தபோது என் கை நடுங்கியதா என்று நானே கவனித்துப் பார்த்தேன். கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. மேசையில் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டேன், நின்றுவிட்டது. பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தே போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. டீச்சர் பெட்டியைத் தரையில் வைத்துத் திருகியைத் திருப்பினார். சட்ஜமம் கிளம்பி அறையெல்லாம் நிறைந்தது. பிள்ளைகள் பேச்சை நிறுத்தின. டீச்சர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நிக்குது அக்கா. ஆடாம நிக்குது" என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். வயசானதால் வந்த அழுகை இல்லை அது, சும்மா மகிழ்ச்சி.

சீனாவிலிருந்து வரவழைக்கலாம் என்றாய். வரவழைத்தும் பார்த்திருக்கிறேன், உனக்குச் சொல்லவில்லை. என்னுடையதைவிட அழகாகத்தான் இருந்தது, ஓரமெல்லாம் சீவி, எழுத்தெல்லாம் அச்சடித்து. நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் மனசில் தோன்றியது சாயங்காலம் கையில் இருக்கிறதே, அதை எந்தக் கூரியரும் கொண்டுவந்து தருவதில்லை. நீயும்தான் எல்லா உணவும் ஆர்டரில் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி சமைக்கிறாய், உன்னை யாராவது போய்க் கண் பரிசோதனை செய்யச் சொன்னார்களா? தனியாக இருக்கிறேன் என்று கவலைப்படுகிறாய். கவலைப்படு, அது உன் உரிமை. தினமும் கூப்பிடு, வாரம் ஒருமுறை வா, சாவி ஒன்றை வைத்துக்கொள். விழுந்துவிட்டால் தூக்க வா. விழுவதற்கு முன்பே என்னை மூட்டை கட்டாதே. உங்கள் அடுக்குமாடியில் எனக்கென்று ஒதுக்கிய அறையைப் பார்த்தேன். ஏர்கான் இருக்கிறது, பூப்போட்ட திரை இருக்கிறது, கை கழுவ ஒரு தொட்டி இல்லை. அந்த அறையில் நான் என்ன செய்வேன் என்று நீ யோசித்தே பார்க்கவில்லை, ஏனென்றால் நான் எதுவும் செய்யப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டாய். விருந்துக்கு வருவேன், பேரப்பிள்ளை பிறந்தால் கூடவே வந்து இருப்பேன். குடிபோக மாட்டேன்.

வீடு பார்க்க வரும் சனிக்கிழமை ஏஜண்ட் ஆளைக் கூட்டி வருவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறாய். வர வேண்டாம் என்று சொல்லிவிடு. மீறி வந்தால் வாசலில் நிற்கட்டும். சனிக்கிழமை எனக்கு ஃபிலிம் வேலை இருக்கிறது, கதவைத் திறந்தால் வெளிச்சம் உள்ளே வந்துவிடும். கட்டிய பெட்டிகளையெல்லாம் பிரித்துவிட்டேன், டீச்சர் சொல்லி இன்னும் இரண்டு பேர் சுருதிப் பெட்டி கேட்டிருக்கிறார்கள்.

ஷாமினி, உனக்கு ஒரு வேலை. இந்த வருஷ ஆயுத பூஜையும் கிள்ளானில்தான். எல்லோரும் வாருங்கள், அண்ணி, நீங்களும் வாருங்கள். மஞ்சளும் சந்தனமும் நானே குழைத்து வைக்கிறேன். நீ பின்னறைக்கு வந்து விளக்குக்கு வை, மெஷினுக்கு வை, கத்தரிக்கு வை, லேப்டாப்புக்கு வை. கண்ணாடிக்கு மட்டும் வைக்காதே. அதற்கு வைக்கவேண்டிய பொட்டை எனக்கு வை. யார் தொண்டையைச் செருமினாலும் விரலைத் துடைக்காதே. நெற்றியைக் காட்டிக்கொண்டு நான் நிற்பேன்.

கிள்ளானிலேயே இருக்கும்,
அம்மா